லினக்ஸும் திரைக்குப் போன மெமரியும்: ஒரு பழைய கணக்கு

போன வாரம் காலையில் நடந்துவிட்டு முருகன் கோவில் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். "வே, எனக்க லேப்டாப்புல 4 ஜிபி மெமரின்னு சொல்லித்தான் வாங்கினேன். பேரன் லினக்ஸ் போட்டுக் குடுத்தான். இப்ப பாத்தா 3.6-ன்னு காட்டுது. மீதிய எவன் எடுத்தான்?"

சிரித்துவிட்டு, "யாரும் எடுக்கல, திரைக்குப் போயிருக்கு" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நான் ஒருமுறை பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன். இரண்டு வருடப் பிள்ளைகள் அதன் பலனை அனுபவித்தார்கள். அதைப்பற்றி இதுவரை எழுதியதில்லை. வரலாற்றோடு சேர்த்து இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். கம்ப்யூட்டர் திரையில் நாம் பார்க்கும் படம் ஒவ்வொரு கணமும் மெமரியில் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். திரை என்பது புள்ளிகளின் கட்டம். 800-க்கு 600 என்றால் மொத்தம் 4,80,000 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 2 பைட் என்றால் 9,60,000 பைட். இது 1 எம்பிக்குள் அடங்கிவிடும். 1024-க்கு 768 திரை என்றால் அதே 2 பைட் கணக்கில் 15,72,864 பைட். 1 எம்பிக்குள் அடங்காது. நிறம் நன்றாக இருக்க வேண்டும் என்று புள்ளிக்கு 4 பைட் கொடுத்தால் சரியாக 3 எம்பி ஆகிவிடும். இந்தச் சின்னப் பெருக்கல் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1990-களில் திரைக்கென்று கம்ப்யூட்டருக்குள் தனி அட்டை ஒன்று செருகியிருக்கும். எஸ்3, டிரைடென்ட், சிர்ரஸ் லாஜிக் என்று பல பெயர்களில் வந்தன. அந்த அட்டையிலேயே 1 எம்பி, 2 எம்பி என்று சொந்த மெமரி இருக்கும். தனிக்கிணறு வைத்த தோட்டம் மாதிரி. யாரிடமும் தண்ணீர் கேட்க வேண்டியதில்லை.

1999-ல் இன்டெல் நிறுவனம் 810 என்ற சிப்செட்டை வெளியிட்டது. திரை வேலையைச் செய்யும் பகுதி மதர்போர்டின் சிப்பிலேயே சேர்ந்துவிட்டது. தனி அட்டை வேண்டாம், தனி மெமரியும் வேண்டாம். கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்தே திரைக்குப் பங்கு கொடுத்துவிடலாம். விலை குறைந்தது. அடுத்த சில வருடங்களில் ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடங்களுக்கும் சின்ன ஆபீசுகளுக்கும் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேச்சிப்பாறை அணை 1906-ல் வந்தது. அந்தக் கோதையாற்றுப் பாசனத் தண்ணீரில் ஒரு கிளை நம் தோவாளை சானல். தண்ணீர் ஒன்றுதான், பங்கு பல. தலைமடையில் அதிகமாகத் திறந்தால் கடைமடை காயும். தலைமடையைச் சுருக்கினால் அங்கே நாற்று வாடும். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவது மடையைப் பார்க்கிற ஆள் கையில்தான் இருக்கிறது. தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கம்ப்யூட்டரில் இந்த மடை பயாஸ் என்கிற இடத்தில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும், விண்டோஸோ லினக்ஸோ எழுந்திருப்பதற்கு முன்பே, பயாஸ் பொது மெமரியிலிருந்து ஒரு பகுதியைத் திரைக்கென்று ஒதுக்கிவிடும். 1 எம்பி, 8 எம்பி, 32 எம்பி, 64 எம்பி என்று செட்டிங்கில் தேர்வு செய்யலாம். அதற்குப் பிறகு எழுகிற லினக்ஸ், மிச்சம் இருப்பதைத்தான் தன்னுடையது என்று எண்ணும். இப்படி முன்கூட்டியே போய்விடும் பகுதிக்கு லினக்ஸ் எழுதும் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டோலன் மெமரி'. அதாவது திருடப்பட்ட மெமரி. நண்பர் "எவன் எடுத்தான்" என்று கேட்டது ஒருவகையில் சரியான கேள்விதான்.

விண்டோஸுக்கு இதில் பெரிய சிக்கல் வரவில்லை. சிப் செய்த நிறுவனமே டிரைவர் எழுதி சிடியில் போட்டுக் கொடுத்துவிடும். லினக்ஸ் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி வளர்த்தது. அதில் திரையைக் கவனித்தது எக்ஸ்ஃப்ரீ86 என்ற வேறொரு மென்பொருள். ஒரு பெரிய கோப்பில் எந்தச் சிப், எத்தனை மெமரி, என்ன அளவுத் திரை என்று நாமே எழுத வேண்டும். 'வீடியோராம்' என்ற வரியில் மெமரியைக் கிலோபைட்டில் எழுத வேண்டும். 8 எம்பி என்றால் 8192. ஒரு எண் பிசகினால் கறுப்புத் திரைதான்.

810 வந்ததும் இன்னொரு சிக்கல். பயாஸ் ஒதுக்குகிற சின்னப் பங்கு போதாது. மேற்கொண்டு வேண்டியதைப் பொது மெமரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் லினக்ஸ் கொடுக்கும் மெமரி 4 கேபி அளவில் துண்டு துண்டாக இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். திரைச் சிப்புக்கோ தொடர்ச்சியான நிலம் வேண்டும். சிதறிக்கிடக்கும் வயல்களை ஒரே பட்டாவில் சேர்த்துக் காட்டுவதுபோல, துண்டுகளை ஒன்றாகக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதைக் கையாளும் பகுதிக்கு ஏஜிபிகார்ட் என்று பெயர். 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4-ல் அது இருந்தது.

அதே 2001-ல் நமக்குப் பக்கத்தில் ஒன்று நடந்தது. ஜூலை மாதம் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கேதான் தொடங்கப்பட்டது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். 1956 நவம்பர் வரை நாமும் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். ஆனாலும் அந்த நிகழ்ச்சியைப்பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. கேரளத்தில் அந்த வருடமே ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கி, சில வருடங்களில் அங்குள்ள அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. சென்னையில் 1998 முதலே லினக்ஸ் பயனர் குழு ஒன்று கூடிக்கொண்டிருந்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில், உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், லினக்ஸுக்கு மாறியது செய்தித்தாள்களில் வந்தது. சென்னை சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் அந்த வருடம்தான் வந்தது.

இந்தக் காற்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. 2008-ல் பழைய மாணவர்கள் சேர்ந்து பணம் போட்டுப் பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார்கள். விண்டோஸுக்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றதால் லினக்ஸ் போதும் என்று முடிவாயிற்று. பள்ளியின் பெயரும் கம்ப்யூட்டரின் பெயரும் இங்கே வேண்டாம். கணக்கு வாத்தியார் என்பதால் அறையின் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அப்போது கம்ப்யூட்டரைப்பற்றித் தெரிந்தது, மவுஸை எப்படிப் பிடிப்பது என்பது வரைதான்.

பத்திலும் ஒரே குறை. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். 'சரி' என்று அமுக்கவேண்டிய பொத்தான் கண்ணுக்கே தெரியாது. திரை 800-க்கு 600-ல் நின்றுவிட்டது. மேலே ஏறவே இல்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் சாயங்காலம் நான்காம் நம்பர் கம்ப்யூட்டர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விசாரித்தால் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் வேலை. பூக்கட்டுகிறவர் மகன். சுவிட்ச் போட்டதும் ஏதோ ஒரு பட்டனை அமுக்கி நீலத்திரைக்குள் போய் எதையோ மாற்றியிருக்கிறான். என்ன மாற்றினாய் என்று கேட்டேன். பயத்தில் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய மாணவர்கள் வாங்கித் தந்த சொத்து, கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற எண்ணம்தான் எனக்கு. திட்டினேன். என் கண்முன்னாலேயே பழையபடி மாற்ற வைத்தேன். அந்த வருடம் முழுக்க அறைக்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

பிறகு நாகர்கோவிலிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவரும் அதே நீலத்திரைக்குள் போனார். "மெமரி பத்தல சார், கூட்டியாச்சு" என்றார். திரை சரியாயிற்று. ஆனால் கம்ப்யூட்டர் மாடு மாதிரி அசைய ஆரம்பித்தது. ஒரு கடிதம் தட்டச்சு செய்யத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். டீ குடித்துவிட்டு வரலாம். பிள்ளைகள் சலித்துப்போனார்கள்.

2009-ல் நிர்வாகக் கூட்டத்தில் அறிக்கை கேட்டார்கள். "லினக்ஸ் நம் மாணவர்களுக்கு ஒத்துவராது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்துக்கும் துணியால் மூடி அறையைப் பூட்டினோம். இரண்டு வருடப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொடாமலே பள்ளியை விட்டுப் போனார்கள்.

2010 டிசம்பரில், பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு, "ஒரு அரைமணிக்கூர் தாங்க சார்" என்று சாவி வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வந்து, "சார், இது லினக்ஸுக்க குத்தம் இல்ல. பங்கு வச்சதுதான் பிசகு" என்றார்.

அவர் சொன்னது இதுதான். கம்ப்யூட்டரில் மொத்த மெமரி 256 எம்பி. வந்தபோது பயாஸில் திரைக்கு 1 எம்பிதான் ஒதுக்கியிருந்தது. லினக்ஸ் நிறுவியவர் சரியான டிரைவரைத் தேர்வு செய்யவில்லை. எல்லாச் சிப்புக்கும் பொதுவான வெஸா என்ற டிரைவரில் விட்டுவிட்டார். வெஸாவுக்கு பயாஸ் கொடுத்த பங்குதான் உலகம். மேற்கொண்டு கேட்டு வாங்கத் தெரியாது. முன்னால் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 1 எம்பியில் 800-க்கு 600 அடங்கும், 1024-க்கு 768 அடங்காது. மெக்கானிக் வந்து ஒரேயடியாக 64 எம்பி ஆக்கிவிட்டார். திரைக்குத் தேவை மூன்று நான்கு எம்பி. மீதி சும்மா கிடந்தது. லினக்ஸுக்கு 192 எம்பிதான் மிஞ்சியது. அது போதாமல் ஹார்ட் டிஸ்கையே மெமரியாகப் பயன்படுத்திக் கடகடத்தது. முதலில் தலைமடை காய்ந்தது, பிறகு கடைமடை காய்ந்தது.

அவர் பயாஸில் 8 எம்பி வைத்தார். கட்டமைப்புக் கோப்பில் வெஸா என்ற சொல்லை அழித்துச் சிப்புக்குரிய டிரைவரின் பெயரை எழுதினார். சரியான டிரைவர் தேவைப்படும்போது ஏஜிபிகார்ட் வழியாகப் பொது மெமரியிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். பத்து கம்ப்யூட்டரும் எழுந்தன. செலவு ஒரு பைசா இல்லை.

போகும்போது, "சார், யாரோ ஒருத்தர் நாலாம் நம்பர்ல முன்னமே சரியாத்தான் பாத்திருக்காங்க. பிளாஸ்டர் ஒட்டி 8-ன்னு பென்சில்ல எழுதியிருக்கு" என்றார். மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தப் பையன் கையெழுத்து. எனக்குத் தெரியாதா, எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

அந்த ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. நாங்கள் பத்தையும் துணி போட்டு மூடிய அதே காலத்தில்தான் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலை வெளியே நடந்திருக்கிறது. 2004-ல் உரிமத் தகராறில் எக்ஸ்ஃப்ரீ86-ஐப் பலர் கைவிட்டு எக்ஸ்.ஆர்க் பக்கம் வந்தார்கள். அகலத்திரை லேப்டாப்கள் வந்தபோது அந்த அளவு பயாஸின் பட்டியலில் இல்லை. ஆர்வலர்கள் 855ரெசல்யூஷன், 915ரெசல்யூஷன் என்று சின்னச் சின்னக் கருவிகள் எழுதினார்கள். ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் மெமரியில் இருக்கும் அந்தப் பட்டியலைத் திருத்தி வைக்கும் வேலை அவற்றுக்கு.

2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28-ல் ஜெம் என்ற ஏற்பாடு சேர்ந்தது. அதை எழுதியவர்கள் இன்டெல்லில் இருந்த எரிக் ஆன்ஹோல்ட், கீத் பேக்கார்ட் ஆகியோர். திரைக்கு இவ்வளவு என்று முன்னாலேயே கட்டி வைக்காமல், வேண்டும்போது லினக்ஸே கொடுக்கும், வேண்டாதபோது திரும்ப வாங்கும். 2009 மார்ச்சில் 2.6.29 வந்தது. இன்டெல் சிப்புகளில் திரையின் அளவை அமைக்கும் வேலையையே லினக்ஸ் கர்னல் எடுத்துக்கொண்டது. பயாஸ் பட்டியலை நம்பவேண்டிய தேவை போயிற்று. அதே வருடம் ஏடிஐ ரேடியான் சிப்புகளுக்கும் இதேபோன்ற ஏற்பாடு கர்னலுக்குள் வந்தது. கோப்பில் 'வீடியோராம்' எழுதும் காலம் அதோடு முடிந்தது. இன்றைக்கு லினக்ஸ் போடுகிறவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கேரளத்தில் இதே மாதிரி சிக்கல் வரவில்லையா என்று, பாறசாலைப் பக்கம் ஆசிரியராக இருந்த என் அத்தானிடம் கேட்டேன். "வராமலா? வந்தா பயிற்சி குடுக்கிற ஆளக் கூப்பிடுவோம். அவரு வந்து பாத்துட்டுப் போவாரு" என்றார். அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு ஆள்தான். லினக்ஸ் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் நல்ல நிலையில் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று ஓரமாகக் கிடக்கின்றன. 2011 முதல் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களும் பரண்மேல் இருக்கும். லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் சில வருடம் உழைக்கும். போட்டபிறகு திரை தகராறு செய்தால், என்னைப்போல அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, மெமரி குறைவாகக் காட்டுகிறதா? கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், அது திரைக்கும் மற்ற சில்லறைக்கும் போன பங்கு. மொத்தமே 4 ஜிபி இருக்கும்போது 1 ஜிபி, 2 ஜிபி போயிருந்தால் பயாஸில் பங்கு அதிகமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். குறைக்கலாம். ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர்' என்ற பெயரில் இருக்கும். சில லேப்டாப்களில் மாற்ற வழியே இருக்காது. அதுவும் பரவாயில்லை, மேற்கொண்டு வேண்டியதை லினக்ஸே கொடுத்துக்கொள்ளும்.

இரண்டு, திரை சின்ன அளவில் நின்றுவிட்டதா, வீடியோ பார்த்தால் விசிறி அலறுகிறதா? நிறுவும்போது கறுப்புத் திரை வந்தால் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துச் சமாளிப்பார்கள். அது தற்காலிக ஊன்றுகோல். பிறகு எடுக்க மறந்துவிட்டால் சரியான டிரைவர் வேலையே செய்யாது, திரை வேலையெல்லாம் பிராசசர் தலையில் விழும். அந்தச் சொல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

மூன்று, 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை லினக்ஸ் எழுந்தபோது நடந்ததை வரிவரியாகக் காட்டும். மெமரி, திரை பற்றிய வரிகள் அதில் இருக்கும். குத்துமதிப்பாகச் செட்டிங்கை மாற்றுவதற்கு முன் அதைப் படிப்பது நல்லது.

நான்கு, முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு மெமரி அட்டையாகப் போடுங்கள். 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு, திரைக்கு வேகமாக இருக்கும். பிராசசரும் திரையும் ஒரே மெமரியைப் பயன்படுத்துவதால், வழி இரண்டானால் நெரிசல் குறையும்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு 2012 ஜனவரி முதல் கணியம் இதழ் இருக்கிறது.

அந்தப் பையனைப்பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றபிறகு ஒருநாள் விடியற்காலம் பூமார்க்கெட்டில் பார்த்தேன். அப்பாவின் தொழிலைத்தான் பார்க்கிறான். பிச்சி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "சார், சொகமா இருக்கியளா?" என்றான். சொல்லவேண்டியதைச் சொன்னேன். "மக்கா, அன்னைக்கு நீ செஞ்சதுதான் சரி. நான்தான் தெரியாம திட்டிட்டேன்."

அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு சிரித்தான். "அத விடுங்க சார். அதுல ஷேர்னு போட்டிருந்து. 256-ல நம்ம பங்கு வெறும் ஒண்ணுதானான்னு தோணிச்சு. கொஞ்சம் கூட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றான். மார்க்கெட்டில் சத்தம் அதிகமாக இருந்தது. யாரோ விலை கேட்டார்கள். அவன் திரும்பிவிட்டான்.